ஏரியும் டாங்கியும்: ஒரு சொல்லின் வரலாறு

திருநின்றவூர் இரயில் நிலையத்தில் ஒரு காலைப் பொழுதில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அம்பத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்வோர் மின்சார இரயிலை எதிர்பார்த்து நிற்கின்றனர். இவ்வூருக்குப் பெரியதோர் ஏரி உண்டு. பழைய அரசாங்க ஏடுகள் அதுபோன்ற ஏரிகளை "டாங்க்" என்ற ஆங்கிலச் சொல்லால் குறிக்கும். வீடுகளின் மொட்டை மாடிகளில் கறுப்பு நிறத் தொட்டிகள் தெரிகின்றன. அவற்றையும் "டேங்க்" என்கிறோம். தெருவில் தண்ணீர் கொண்டு செல்லும் லாரி "டேங்கர்". நிழலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் நிரப்பும் இடமும் "டேங்க்"தான்.

இனி இரயிலேறிக் கிழக்கு நோக்கிச் செல்லுங்கள். நேமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி ஆகிய நிலையங்களைக் கடந்தால் நான்காவதாக வருவது ஆவடி. அங்குள்ள பெரிய தொழிற்சாலையில் செய்யப்படும் போர் ஊர்திகளுக்கும் அதே பெயர். அவற்றை நம் செய்தித்தாள்கள் "டாங்கி" என்று எழுதுகின்றன.

அசையாமல் கிடக்கும் ஏரிக்கும், மண்ணை உழுதுகொண்டு பாயும் இரும்பு ஊர்திக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி? நாலைந்து நிலையங்களுக்குள் நாம் காணும் இப்பொருள்களை ஒரே சொல்லால் கட்டிய கயிறு எது? அதைத் தேடிச் சென்றால், நானூறு ஆண்டுக்கால வரலாறு நம் முன் விரிகிறது. அந்த வரலாற்றின் முடிவில் நம் குடிநீரைப் பற்றிய கேள்வி ஒன்றும் காத்து நிற்கிறது.

சொல்லின் பிறப்பு

இது இங்கிலாந்தில் பிறந்த சொல் அன்று. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வணிகர்களும் பயணிகளும் இங்கிருந்து கொண்டு சென்ற சொல் இது. குசராத்தி மொழியிலும் மராத்தி மொழியிலும் "டாங்கு", "டாங்கே" என்பன போன்ற வடிவங்கள் உள்ளன. நிலத்தடியில் கட்டப்பட்ட நீர்த்தொட்டி என்பது அவற்றின் பொருள். குசராத்தின் பழைய வீடுகளில் முற்றத்தின் அடியில் இத்தகைய தொட்டியைக் கட்டி, கூரையில் விழும் மழைநீரை அதில் சேமிப்பார்கள். அகமதாபாத் நகரில் இவற்றை இன்றும் காணலாம்.

போர்ச்சுகீசிய மொழியிலோ "தாங்க்கெ" என்றொரு சொல் உண்டு. குளம், நீர்த்தேக்கம் என்று அதற்குப் பொருள். ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலேயருக்கு நூறாண்டுக்கு முன்பே நம் மேற்குக் கரைக்கு வந்துவிட்ட போர்ச்சுகீசியர், அங்கே ஏறத்தாழ அதே ஒலியும் அதே பொருளும் கொண்ட சொல்லைக் கேட்டிருப்பார்கள். இரண்டு ஓடைகள் ஒரே ஏரியில் வந்து சேர்வதைப் போல, இவ்விரு சொற்களும் கலந்து ஆங்கிலத்தில் புகுந்தன என்று கொள்வதே பொருத்தமாகும்.

இந்தச் சிக்கலைப் பற்றி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். ஏ. சி. பர்னல் என்னும் அவர், சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்தவர். அவரும் ஹென்றி யூல் என்பவரும் சேர்ந்து, ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கு "ஹாப்சன்-ஜாப்சன்" என்ற பெரிய அகராதியைத் தொகுத்தனர். பர்னல் 1882இல் காலமானார். நூல் 1886இல் வெளிவந்தது. "டாங்க்" என்ற சொல்லின் இருவழிப் பிறப்பை அந்நூல் விரிவாக ஆராய்கிறது.

ஒலி ஒன்றானால் உறவு உண்டா?

இங்கே உங்களுள் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "நம் பக்கத்தில் சிறிய ஏரியைத் தாங்கல் என்கிறோமே! வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களே இருக்கின்றனவே! தாங்கல்தான் டாங்க் ஆயிற்றோ?"

நல்ல கேள்விதான். நீரைத் தாங்கி நிற்பது தாங்கல், ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. ஆனால் ஒலி ஒற்றுமை ஒன்றையே சான்றாகக் கொள்ள முடியாது. காலத்தையும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றியது 1639இல். அதற்கு முன்பே அவர்கள் மேற்குக் கரையில் சூரத் நகரில் வாணிகம் நடத்தி வந்தனர். இச்சொல்லும் அதற்கு முன்பே ஆங்கில எழுத்துகளில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே, இது மேற்குக் கரை வழியாகச் சென்ற சொல் என்பதற்கே சான்று வலுவாக உள்ளது. தாங்கலும் டாங்க்கும் தற்செயலாக ஒத்த முகம் படைத்தவை.

ஆவடியைப் பற்றியும் இப்படி ஒரு கதை உலவுகிறது. கவச ஊர்திகள் தொடர்பான சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தே "ஆவடி" என்ற பெயர் உண்டாயிற்று என்று பலர் நம்புகின்றனர். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே அமைந்தது 1961இல். ஆனால் காங்கிரசுக் கட்சியின் புகழ்பெற்ற ஆவடி மாநாடு 1955 சனவரியிலேயே நடந்துவிட்டது! தொழிற்சாலைக்கு முன்பே ஊரும் பெயரும் இருந்தன. கேட்பதற்கு இனிமையான விளக்கத்தை ஒருமுறை ஆண்டுக் கணக்கோடு ஒட்டிப் பார்ப்பது எப்போதும் நன்று.

சொற்கள் ஒரே திசையில் பயணம் செய்வதுமில்லை. திருவாகிய இலக்குமி வந்து நின்ற ஊர் என்று பெயர்க் காரணம் சொல்லப்படும் திருநின்றவூரை, இரயில்வேயின் பழைய பட்டியல் "தின்னனூர்" என்று சுருக்கிக்கொண்டது. நாம் அவர்கள் சொல்லை "டாங்கி" ஆக்கினோம். அவர்கள் நம் ஊரைத் தின்னனூர் ஆக்கினர்!

பல சொற்களுக்கு ஒரு சொல்

நீர்நிலைகளுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! பாசனத்துக்கு நீர் தேக்குவது ஏரி. தென்மாவட்டங்களில் அதுவே கண்மாய். கோயிலருகே படிக்கட்டுகளுடன் இருப்பது குளம். தெப்பம் விடுவது தெப்பக்குளம். குடிநீருக்கு ஊருணி. ஆடுமாடு குடிக்கக் குட்டை. ஏந்தல், தாங்கல், கேணி, பொய்கை என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு பெயரும் அந்த நீர் எதற்காக, எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடும்.

ஆங்கில ஆட்சியின் ஏடுகள் பெரும்பாலும் இவை அனைத்தையும் "டாங்க்" என்ற ஒரே பெயரில் அடக்கின. ஏரியும் டாங்க்; கோயில் குளமும் டாங்க். இலங்கையிலும் இதே நிலைதான். மன்னாரில் உள்ள கட்டுக்கரைக்குளத்தை ஆங்கிலத்தில் "அரக்கனின் டாங்க்" என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

ஆயினும் அச்சொல்லில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. ஆங்கிலத்தில் "லேக்" என்றால் இயற்கையாக அமைந்த நீர்ப்பரப்பு என்பதே முதலில் மனத்தில் தோன்றும். "டாங்க்" என்றால் மனிதன் கட்டியது. நம் ஏரி மனிதன் கட்டியதுதானே?

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகள் ஒன்றாயிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை எழுப்பினால், மேட்டிலிருந்து வரத்துக் கால்வாய் வழியே வரும் மழைநீர் தேங்கும். கரையில் வைத்த மதகின் வழியே நீர் வயலுக்குப் பாயும். மிஞ்சிய நீர் கலங்கல் வழியே வழிந்து கீழேயுள்ள அடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஏரிகள் சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன. தேங்கிய நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளை ஊறவைத்தது.

கட்டியதைக் காக்கவும் வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 920ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் "ஏரி வாரியம்" என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஊரார் தேர்ந்த குழு அது! பிற்காலத்தில் ஊரார் கூடித் தூர்வாரிக் கரை உயர்த்திய வழக்கத்தைக் குடிமராமத்து என்றனர். ஆங்கில அரசும் பழுதுபட்ட ஏரிகளைச் சீர்செய்ய 1883இல் ஒரு திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தின் பெயரிலும் "டாங்க்" என்ற சொல்லே இருந்தது.

தொட்டியாகிய ஏரி

இதற்கிடையில் கடல் கடந்து சென்ற சொல் அங்கே புதுப் பொருள்களைப் பெற்றது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே, நீர்மப் பொருளைக் கொள்ளும் பெரிய கலம் என்ற பொருள் ஆங்கிலத்தில் தோன்றிவிட்டது. தொழிற்புரட்சி வந்ததும் இப்பொருளே மேலோங்கியது. கொதிகலனுக்குத் தேவையான நீரைத் தன் உடலிலேயே சுமந்து சென்ற நீராவி எஞ்சின் "டாங்க் எஞ்சின்" ஆயிற்று. மண்ணெண்ணெய், பெட்ரோல், அமிலம் ஆகியவற்றை நிரப்பி வைக்கும் கலங்களும் இப்பெயர் பெற்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் சென்றால், ஆலைகளின் மதில்களுக்கு மேலே இத்தகைய உருண்டைக் கலங்களை நீங்கள் காணலாம்.

மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியும் டாங்க். நீச்சல் குளமும் ஒரு காலத்தில் டாங்க். நீச்சலுடையின் மேற்பகுதியை ஒத்த கையில்லாச் சட்டைக்கு "டாங்க் டாப்" என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. அறிஞர்கள் கூடி ஆராயும் நிறுவனம் "சிந்தனை டாங்க்" ஆயிற்று. ஒரு பொருளின் விலை திடீரென்று வீழ்ந்தால், அதையும் இச்சொல்லை வினையாக்கிச் சொல்வது இன்றைய ஆங்கில வழக்கு.

போர்க்களம் சென்ற நீர்த்தொட்டி

எல்லாவற்றிலும் வியப்பான மாற்றம் முதல் உலகப் போரில் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டில் இரு தரப்புப் படைகளும் பதுங்கு குழிகளில் முடங்கிக் கிடந்தன. முள்வேலியையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் மீறி முன்னேற எவராலும் இயலவில்லை. 1915 பிப்ரவரியில், அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், "நிலக்கப்பல்" ஒன்றை வடிவமைக்கக் குழு அமைத்தார். லிங்கன் நகரில் வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனியில் வேலை நடந்தது. வில்லியம் டிரிட்டன், வால்டர் வில்சன் ஆகிய இருவரும் வடிவமைப்பில் முதன்மையானவர்கள்.

நிலக்கப்பல் என்ற பெயரைக் கேட்டாலே எதிரிக்கு இரகசியம் விளங்கிவிடும். எனவே, பார்ப்பவர்கள் ஐயுறாத ஒரு பெயர் தேவைப்பட்டது. பெரிய இரும்புப் பெட்டி போன்ற அந்த உருவத்தைப் பார்த்தால் நீர்த்தொட்டி என்றுதான் எவரும் நினைப்பர். மெசபொட்டேமியப் பாலைவனப் போர்முனைக்கு நீர் கொண்டு செல்லும் கலம் என்று கதை கட்டப்பட்டது. தொட்டியைக் குறிக்கும் வேறு சில சொற்களும் பரிசீலிக்கப்பட்டன. 1915 டிசம்பரில் எர்னஸ்ட் சுவின்ட்டன் முதலிய அதிகாரிகள், சுருக்கமான சொல் என்பதால் "டாங்க்" என்பதைத் தேர்ந்தனர். சில ஊர்திகளின் மீது, இவை இரஷ்யாவின் பெட்ரோகிராடு நகருக்குச் செல்பவை என்று இரஷ்ய எழுத்தில் எழுதியும் வைத்தனர்!

1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சோம் போர்முனையில் இவை முதன்முதலாகக் களம் இறங்கின. கொண்டுவரப்பட்டவை 49, பழுதாகியும் சேற்றில் சிக்கியும் நின்றவை போகத் தொடக்கக் கோட்டை அடைந்தவை 32 மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 டன் எடை. உள்ளே 8 பேர். வேகமோ மணிக்கு 6 கிலோமீட்டர் அளவுதான். இரகசியம் அன்றே வெளிப்பட்டுவிட்டது. ஆனால் மறைப்பதற்காக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மேற்கிந்திய வீட்டு முற்றத்தின் நீர்த்தொட்டி இப்படித்தான் போர்க்களம் சென்றது.

அது 1965இல் நம்மிடமே திரும்பி வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது. பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் முதலிய டாங்கிகளும் அங்கே உருவாயின. 2021 அக்டோபர் முதல் அத்தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகிறது.

தமிழர் இச்சொல்லைக் கையாண்ட திறத்தையும் கவனியுங்கள். தண்ணீருக்கு "டேங்க்", போருக்கு "டாங்கி" என்று ஒரே சொல்லை இரண்டாகப் பிளந்துகொண்டோம். ஆங்கிலத்தில் ஏற்படும் குழப்பம் நமக்கு இல்லை. இலங்கைத் தமிழரோ நீர்த்தொட்டியை "நீர்த்தாங்கி" என்றனர். ஒலி ஒப்புமையைப் பயன்படுத்தி, தாங்கு என்ற நம் வினையிலிருந்தே அழகிய சொல்லொன்று கிடைத்துவிட்டது.

ஏரி போய் டேங்கர் வந்தது

இவ்வளவும் சொல்லின் கதை. அது குறித்த பொருளுக்கு என்ன ஆயிற்று?

சென்னையில் மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டி "நீண்ட டாங்க்" என்றே பெயர் பெற்ற பெரிய ஏரி இருந்தது. 1920களில் அதன் பகுதியைத் தூர்த்துத் தியாகராயநகரை உருவாக்கினர். நுங்கம்பாக்கத்தில் "டேங்க் பண்ட் ரோடு", அதாவது ஏரிக்கரைச் சாலை, இன்றும் உண்டு, கரையுமில்லை, ஏரியுமில்லை. மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" உண்டு. நின்று பார்த்தால் வீடுகளே தெரிகின்றன. பொருள் மறைந்த பிறகும் பெயர்ப் பலகையில் சொல் மட்டும் உயிர் வாழ்கிறது.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்பது அரசுக் கணக்கு. அவற்றால் பாசனம் பெறும் நிலமோ 1960களில் இருந்ததைப் போல ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கிணறுகள் பெருகியது, தூர் சேர்ந்தது, வரத்துக் கால்வாய்கள் அடைபட்டது, ஆக்கிரமிப்பு எனப் பல காரணங்கள்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நீர்நிலைகள் வறண்டு, சென்னை தவித்தது. சூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து ஓர் இரயில் புறப்பட்டு வந்தது. 50 டேங்க் வாகன்கள். மொத்தம் 25 இலட்சம் லிட்டர் குடிநீர். அரக்கோணம் வழியாக, திருநின்றவூரையும் ஆவடியையும் கடந்து, அது வில்லிவாக்கம் சென்று சேர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் ஓடிய அதே தடத்தில், ஏரிகளின் நாட்டின் நடுவே, சொல்லின் புதுப் பொருளான டேங்க்குகளில் தண்ணீர் ஏறிச் சென்றது!

அந்த நீரின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். அந்த ஏரி ஒருமுறை நிரம்பினால் கொள்ளும் நீரைக் கொண்டுவர, இத்தகைய இரயில்கள் 41,000க்கும் மேல் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு இரயில் விட்டாலும் 28 ஆண்டுகள் ஆகும்!

இன்னும் சிறிய கணக்கு ஒன்று. ஓர் ஏக்கர் ஏரிப் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்றால், அது 40 இலட்சம் லிட்டருக்குச் சற்று மேல். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரியில் இதை ஏற்றினால் 337 லாரிகள் தேவை. அதாவது ஏரியில் ஓர் ஏக்கரைத் தூர்த்து மனை போடும்போது, ஒவ்வொரு நிறைவுக்கும் 337 லாரித் தண்ணீரை இழக்கிறோம். இழந்த நீர் மழைக்காலத்தில் எங்கே போகும்? தன் பழைய இடத்தைத் தேடி வரும். அங்கே கட்டிய வீட்டுக்குள் புகும். ஏரிப் பகுதியில் மனை வாங்கியவர் கோடையில் லாரிக்குக் காத்திருந்து, மழையில் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ நேர்கிறது.

ஒரு சொல்லின் எல்லை

சொல்லின் பொருளைத் துல்லியமாக அறிவது அகராதிக்காரர்களின் வேலை மட்டும்தானா? இல்லை. 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு, ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் இயற்றியது. அதன் ஆங்கிலத் தலைப்பிலும் "டாங்க்" என்ற சொல்லே உள்ளது. ஆனால் அச்சட்டத்தின்படி அச்சொல் குறிப்பது, அன்று பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளையே. பொதுவாக 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பவை. உங்கள் ஊர்த் தாங்கல் அச்சட்டத்தின் சொல்லுக்குள் அடங்குமா, அடங்காதா? ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து ஒரு நீர்நிலையின் பாதுகாப்பு மாறுகிறது!

இக்காலத்தில் ஏரியை ஆங்கிலத்தில் "லேக்" என்று எழுதுவதே வழக்கமாகி வருகிறது. அழகான சொல்தான். ஆனால் இயற்கை தந்தது, தானே இருந்துகொள்ளும் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏரி தானே இருந்துகொள்ளாது. கரையை உயர்த்த வேண்டும். மதகைப் பழுதுபார்க்க வேண்டும். கால்வாயைத் திறந்து வைக்க வேண்டும். மனிதன் கட்டி மனிதனே காக்க வேண்டிய நீர்நிலை என்ற பொருளில், அந்தப் பழைய "டாங்க்" நம் "ஏரி"க்கு நெருங்கிய உறவு.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைச் சேமித்த குசராத்தி முற்றத்தொட்டியின் தத்துவத்துக்கே நாம் திரும்பி வந்திருக்கிறோம். சொல் உலகைச் சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்ததைப் போன்றது இது.

அடுத்த முறை உங்கள் வீட்டு மாடியில் "டேங்க் நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்து" என்று யாராவது குரல் கொடுக்கும்போது, ஒரு நொடி ஊரின் பழைய டாங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறைந்திருக்கிறதா? மாடித் தொட்டிக்கு ஏறும் நீர், அந்த ஏரி ஊறவைத்த நிலத்திலிருந்தே வருகிறது.